காதுகுத்துக்கு வந்த தாய்மானி

மண்டப வாசலில் மூன்று தாய்மாமன்கள் சீரோடு நின்றுகொண்டிருந்தார்கள். குழந்தை ஒன்றுதான். அதற்குக் காதும் இரண்டுதான்.

கார்மேகத்துக்குக் காலையிலிருந்தே தலைகால் புரியவில்லை. மூன்று பேரில் அவன் ஒருத்தன். அவனைக் கேட்டால், அவன் மட்டும்தான். நிறைமதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பட்டு வேட்டி நழுவாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மேளத்தோடு வந்து இறங்கிய மற்ற இரண்டு கூட்டத்தையும் பேந்தப் பேந்த முழித்தபடி பார்த்தான். அக்கா மகளுக்குக் காதுகுத்து. அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். மடியில் உட்கார வைக்க வேறு எவன் வரப்போகிறான் என்று நிம்மதியாக இருந்தவன் அவன்.

வந்திருந்தது சட்டம். அதைச் சொல்லாமல் கதை நகராது. ஒரு காலத்தில் கருமுட்டை கொடுத்தவர் யார், வயிற்றில் சுமந்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. முகம் தெரியாமல் கொடுத்தார்கள், முகம் தெரியாமல் வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, எங்கள் ஆட்கள் யார் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சுமந்தவர்களும் போனார்கள். கடைசியில் தாய்மைப் பங்கீட்டுச் சட்டம் வந்தது. முட்டை கொடுத்தவரும் தாய், சுமந்தவரும் தாய், வளர்ப்பவரும் தாய். பிள்ளையின் நல்லது கெட்டதுக்கெல்லாம் மூன்று பேருக்கும் அரசாங்கமே சொல்லி அனுப்பிவிடும். நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதை எழுதிய புண்ணியவான்களில் ஒருத்தர்கூடக் காதுகுத்துக்குப் போனதில்லை போலிருக்கிறது. தாய் மூன்றானால் தாய்மாமனும் மூன்றாவானே என்று எவருக்கும் தோன்றவில்லை. தகப்பன் பக்கம் எப்படி என்று கேட்கிறீர்களா? அதற்கு வேறு சட்டம், வேறு ஆபீஸ், வேறு வரிசை. அந்த வம்பு இன்றைக்கு வேண்டாம்.

அங்கயற்கண்ணி, கார்மேகத்தின் அக்கா, நோய் வந்து கருப்பையை எடுத்துவிட்டவள். கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள், பிள்ளை மட்டும் வேண்டும் என்றும் அதே காலில் நின்றாள். முட்டை திருச்சியிலிருந்து வந்தது. சுமந்தவள் வாடிப்பட்டிக்காரி. பிறந்ததிலிருந்து நிறைமதி அக்காவுக்குத்தான் மகள். ராமேஸ்வரத்துக்கு அப்பால் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்ப்பது அங்கயற்கண்ணியின் வேலை. மாதத்தில் பாதிக்கு மேல் தண்ணீருக்கு நடுவேதான் இருப்பாள். வீட்டுக்குக் கீழேயே கார்மேகத்தின் பேட்டரிக் கடை. தொட்டில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கியது. நேற்றுத்தான் அக்கா கரைக்கு வந்திருந்தாள். வழக்கம்போலக் குழந்தை அரை நாள் அவளிடம் போகாமல் வெட்கப்பட்டுக்கொண்டு மாமன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அப்புறம் போனது.

"நான் அந்தத் தூணுக்குப் பின்னால நின்னுக்குறேன்டா. ஊசியப் பாத்தா எனக்கு மயக்கமே வந்துரும்" என்று காலையில் அங்கயற்கண்ணி சொல்லியிருந்தாள். எங்கும் அதுதான் வழக்கம். மாமன் மடியில் பிள்ளை உட்காரும், தாய் தூரப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பக்கத்தில் நின்றால் பிள்ளை வீறிடும்போது ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான். மாமன் எழுந்து தரும் வரைக்கும் அவள் தொடக்கூடாது.

"அண்ணே, வணக்கம்ணே" என்று முதலில் வந்தவன் ஒச்சப்பன். சுமந்தவளான பஞ்சவர்ணத்தின் தம்பி. நல்ல தாட்டியான ஆள், கழுத்தில் மாலையை ஏற்கெனவே போட்டுக்கொண்டு வந்துவிட்டான். "உங்கள அண்ணேன்னு கூப்புடுறதா மச்சான்னு கூப்புடுறதான்னு வண்டியில வரும்போது பூரா யோசிச்சேன். பிடிபடல."

"ரெண்டும் வேணாம். எதுக்கு வந்தீங்க?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? எங்கக்கா சுமந்த பிள்ள. தாய்மாமன் சீர் செய்ய வேணாமா?"

அவனுக்குப் பின்னால் திருச்சிக்காரர் அஸ்வத் தயங்கித் தயங்கி வந்தார். முட்டை கொடுத்த சஹானாவின் அண்ணன். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனுஷர். "தங்கச்சியால வர முடியலைங்க. அவ சார்பா நான் வந்தே ஆகணும்னுட்டா. எங்க வீட்டுல இதுதான் முதல் காதுகுத்து" என்றார். அவர் தட்டிலும் ஒரு ஜோடித் தோடு மினுங்கியது. ஒச்சப்பன் தட்டில் ஒரு ஜோடி. கார்மேகம் மதுரைக்கு நாலு நடை நடந்து செய்யச் சொல்லி வாங்கிய ஜோடி ஒன்று. ஆறு தோடுகள்.

இவர்கள் பேரில் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் கார்மேகத்தை இன்னும் குழப்பியது. ஒச்சப்பன் குழந்தையைப் பார்த்துக் கண் கலங்கினான். பொய்க் கலக்கம் இல்லை. பஞ்சவர்ணம் ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் தொந்தரவு செய்யாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போங்கடா என்று விரட்டினால் பாவம், வாங்கய்யா என்று கூப்பிட்டால் அவன் மடி போச்சு.

இப்படிப்பட்ட விசேஷங்களுக்குத் அந்தச் சட்டத்துக்கான துறையிலிருந்து ஆள் வரவேண்டும் என்பது விதி. மெர்சி ஜெயராணி வந்திருந்தாள். தோளில் பால்புட்டி எட்டிப்பார்க்கும் குழந்தைப் பை, கையில் பெட்டி. நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இது எங்களுக்குப் புதுசில்ல சார். வலது காதுக்கு ஒருத்தர், இடது காதுக்கு ஒருத்தர், மொட்டைக்கு ஒருத்தர். சுமுகமா முடிச்சுட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."

"நல்ல யோசனைதான்" என்றார் அஸ்வத்.

"எனக்கு மொட்டை கொடுத்தாக்கூடப் போதும்" என்றான் ஒச்சப்பன்.

"பங்கு போட இதென்ன ஆட்டுக்கறியா?" என்று கார்மேகம் எகிறினான். "ரெண்டு வருஷமா இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா முழிச்சவன் நான். அது எந்த அழுகை அழுதா எதுக்குன்னு தெரிஞ்சவன் நான். இன்னைக்கு வந்து எறங்குனவனுக்கு வலது காதா?"

அங்கயற்கண்ணி வந்து அவன் கையைப் பிடித்தாள். "விடுடா. மூணு பேரு மடியில உக்காந்தா பிள்ள தேஞ்சா போயிரும்?"

அந்த நேரத்தில் அவன் அவள் பேச்சைக் கேட்டிருந்தால் எல்லாரும் பந்திக்குப் போயிருப்பார்கள். ஆனால் மடி என்பது இந்தப் பக்கத்து ஆம்பளைக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். மண்ணை விட்டுக்கொடுப்பான், பேச்சை விட்டுக்கொடுப்பான், அக்கா மகளை உட்கார வைக்கிற மடியை விட்டுக்கொடுக்கமாட்டான். கார்மேகம் அந்தப் பெட்டியைக் காட்டினான். "அதுல என்ன இருக்கு? தாய்மானிதானே? அளந்துருங்க. யாரு தாய்னு தெரிஞ்சா யாரு மாமன்னு தெரிஞ்சுரும்."

மெர்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. "சார், அளக்காம இருக்குற வரைக்கும் மூணு பேரும் சமம். அளந்துட்டா முத்திரை விழுந்துரும். முத்திரை யாருக்கு விழுதோ அவங்கதான் தாய். பிள்ளை அவங்க வீட்டுலதான் இருக்கணும். மத்தவங்க பார்வை உறவு, வந்து பாத்துட்டுப் போகலாம், அவ்வளவுதான். அப்பீலும் கிடையாது. நல்லா யோசிச்சுக்குங்க."

"வேணாம்மா. அவன் ஏதோ கோவத்துல பேசுறான்" என்றாள் அங்கயற்கண்ணி.

"குழந்தையோட உறவுக்காரங்க யாரு கேட்டாலும் நான் அளந்தாகணும். அவர் கேட்டுட்டார்."

அக்காவின் பிடி இறுகியது. "டேய், வேணாம்டா. கேட்டத வாபஸ் வாங்கு."

"நீ சும்மா இருக்கா. வளத்ததுக்குத்தான் அதுல பாதிக்கு மேல மதிப்பாம், நான் விசாரிச்சுட்டேன். நம்ம கைய விட்டு எங்க போகும்? ஒரேயடியா இந்தச் சனியன முடிச்சுருவோம்" என்றான் அவன். அவன் விசாரித்தது உண்மைதான்.

தாய்மானி பார்க்கச் சாதாரணமாக இருந்தது. ஒரு சின்ன மெத்தை, அதிலிருந்து நீண்ட ஒரு பித்தளைத் தட்டு, பெட்டி மூடியில் ஒரு திரை. மெர்சி மேடையில் விரித்துவைத்தாள். அது மூன்று விஷயம் பார்க்கும். முதலாவது கரு எழுத்து, அது முட்டை கொடுத்தவருடையது. இரண்டாவது இரத்தக் குடி. சுமந்தவளின் அணுக்கள் சில பிள்ளையின் இரத்தத்தில் குடியேறி ஆயுசுக்கும் அங்கேயே இருந்துவிடும், அதை எண்ணும். மூன்றாவதுதான் பெரியது, உடல் நினைவு. பயந்தால் பிள்ளையின் மூச்சு யாரைத் தேடுகிறது, யார் வாசனையில் நெஞ்சுத் துடிப்பு அடங்குகிறது என்று பார்க்கும். பிள்ளை வாயால் சொல்லத் தெரியாததை உடம்பு சொல்லிவிடும் என்பார்கள்.

"தாய்மாருங்களும் வீட்டுல பிள்ளையோட புழங்குறவங்களும் தட்டுல கைய வைங்க" என்றாள் மெர்சி. "அவங்கவங்க பங்கப் பிரிச்சாத்தான் தாயோட பங்கு சுத்தமா வரும்."

அங்கயற்கண்ணி முதலில் வைத்தாள். பஞ்சவர்ணம் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வைத்தாள். சஹானாவின் பதிவு ஏற்கெனவே உள்ளே இருந்தது. கார்மேகம் கடைசியாக வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, மேளக்காரனைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுத்தான் கையை வைத்தான். மெத்தையில் நிறைமதி சிணுங்கினாள், பிறகு அடங்கினாள். பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு பச்சையாக ஒரு முத்திரை எரிந்தது. அறிவிப்புக்கென்று அதற்குள் வைத்திருந்த பெண்குரல் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது.

"குழந்தை நிறைமதியின் தாய், கார்மேகம்."

மேளக்காரர் பழக்கதோஷத்தில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டார். அப்புறம் அவருக்கே ஏதோ உறைத்து நிறுத்திக்கொண்டார்.

"என்னம்மா மிஷின் உளறுது?" என்றான் கார்மேகம்.

மெர்சி திரையை ஒருமுறை பார்த்தாள், இன்னொருமுறை பார்த்தாள். "உளறல சார். உடல் நினைவு கிட்டத்தட்ட முழுசும் உங்க பேர்லதான் இருக்கு."

"நான் ஆம்பளைங்க!"

"சட்டத்துல பாலினம் பாக்குறதில்ல. தாய்னா பெண்தான்னு எழுதுனா அது பாகுபாடுன்னு கோர்ட் அடிச்சுருச்சு. அதிகப் பங்கு யாருக்கோ அவங்க தாய். இதுல நீங்கதான்."

"அப்ப எங்கக்கா? ரெண்டாவது எங்கக்காதானே?"

"ரெண்டாவது பேரச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல சார். வீண் சண்டை வரும்னு."

கார்மேகத்துக்குக் கண்ணைக் கட்டியது. அக்காவைப் பார்க்கப் பயந்து பஞ்சவர்ணத்தைப் பார்த்தான், பஞ்சவர்ணம் தரையைப் பார்த்தாள். குழந்தை மெத்தையிலிருந்து இறங்கி, நேராக வந்து அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, தூக்கு" என்றது. எப்போதும் வருகிற மாதிரிதான் வந்தது. ஆனால் அன்றைக்குத் தூக்க அவனுக்குக் கை வரவில்லை.

"சரிங்க, முத்திரை எனக்குத்தானே? என்னோட தாய்மைய எங்கக்காவுக்கு எழுதிக் கொடுத்துடறேன். இப்பவே. எங்க ரேகை வைக்கணும்?"

"ஐயோ, சத்தமாச் சொல்லாதீங்க சார்!" மெர்சி பதறிப்போனாள். "தாய்மையக் கொடுக்கவோ வாங்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. சட்டத்துல மொதல் வரியே அதுதான். அந்தக் காலத்துல ஏழைப் பொம்பளைங்கள வச்சு நடந்த வியாபாரத்த நிறுத்தத்தான் இந்தச் சட்டமே வந்துச்சு. நீங்களும் உள்ள போவீங்க, வாங்குன உங்கக்காவும் உள்ள போவாங்க. பிள்ளை ஹோமுக்குப் போயிரும்."

"அக்கா, நீ ஒண்ணும் கவலப்படாத" என்று அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை மறந்துபோனான். அங்கயற்கண்ணி அழவில்லை. கடல் வேலைக்காரியின் கறுத்துப்போன முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அப்ப நான் யாரு?" என்று மெர்சியைக் கேட்டாள்.

மெர்சி திரையில் தேடினாள். "தாயோட கூடப்பிறந்தவங்க நீங்க. அதுக்கு உண்டான உறவு..." நிறுத்தி, "தாய்மாமன்" என்றாள்.

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ அவர்களை அடக்கினார்கள். "அப்ப நாங்க?" என்று ஒச்சப்பன் மெல்லக் கேட்டான். நீங்கள் பார்வை உறவு என்றாள் மெர்சி. ஒச்சப்பன் கழுத்து மாலையைக் கழற்றித் தட்டில் வைத்தான். "நாங்க மொட்டையே போதும்னுதானய்யா சொன்னோம்" என்றான்.

அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா, பக்கத்துத் தெரு வசந்தமல்லி, எழுந்து வந்துவிட்டாள். "யம்மா, அப்படியே எம் பேரனையும் இந்த மெத்தையில வச்சுப் பாரும்மா. மகாராணி ஆபீஸ் ஆபீஸ்னு போயிருவா. குளிப்பாட்டுனது, கால் கழுவி விட்டது, எல்லாம் நான். இந்த மிஷினாவது உண்மையச் சொல்லட்டும்."

"அத்தே!" என்று அலறினாள் அவள் மருமகள். "நான் பத்து மாசம் சுமந்து பெத்த பிள்ளைத்தே அது!"

"பெத்த பிள்ளைய அளக்க முடியாதுல்ல?" என்று யாரோ கேட்டார்கள். மெர்சி கையைப் பிசைந்தாள். சட்டத்தின் முன் எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான், உறவு யார் கேட்டாலும் அளந்தாக வேண்டும் என்றாள். அவ்வளவுதான். வசந்தமல்லிக்குப் பின்னால் இன்னும் இரண்டு மாமியார்கள் வந்து நின்றார்கள். ஒரு ஆயா வந்து நின்றாள். அந்தப் பக்கம் மருமகள்கள் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை வாரிக்கொண்டு கிளம்பினார்கள். "பாப்பாவுக்குத் தூக்கம் வந்துருச்சு" என்றாள் ஒருத்தி. பாப்பா கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தது. "பஸ்சு போயிரும்" என்றாள் இன்னொருத்தி, அடுத்த தெருக்காரி. பந்தியில் இலை போட்டுச் சாம்பார் ஊற்றத் தயாராக நின்றவர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள்.

கார்மேகம் மெர்சியின் தோளில் தொங்கிய குழந்தைப் பையைப் பார்த்தான். "உங்க பிள்ளை எங்கம்மா?"

"காப்பகத்துல."

"அதை இதுல வச்சுப் பாத்தீங்களா?"

"துறை ஆளுங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு விலக்கு உண்டு சார்" என்றாள் அவள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று பத்தர் ஊசியோடு வந்து நின்றார். காது குத்துகிறவருக்குச் சட்டமும் தெரியாது, மிஷினும் தெரியாது. மாமன் யார், சீக்கிரம் உட்காருங்கள் என்றார். கார்மேகத்தின் கால் தானாக மணையை நோக்கிப் போனது. அக்கா குறுக்கே வந்தாள்.

"நீ எங்கடா போற? உன் இடம் அங்க." தூணைக் காட்டினாள்.

"அக்கா, நான் உனக்காகத்தான் கேட்டேன். சத்தியமா."

"எனக்காகவா? உன் மடிக்காகக் கேட்ட. மடி எனக்கு வந்துருச்சு." அவன் தோளிலிருந்த மாமன் துண்டை உருவித் தன் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். "கடல்ல தொங்கிக்கிட்டு இருக்கும்போதெல்லாம் நெனப்பேன்டா, நாம இல்லாட்டியும் நம்ம தம்பி பாத்துக்குவான்னு. நல்லாத்தான் பாத்துருக்க. ஒரு குறையும் சொல்ல முடியாது." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. அவனுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

அவள் மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று ஜோடித் தோட்டில் அவன் வாங்கியதையே எடுத்துப் பத்தரிடம் கொடுத்தாள். கார்மேகம் தூணுக்குப் பின்னால் போய் நின்றான். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று தெரியும், திருப்பினான். ஆனால் காதை எங்கே திருப்புவது? குழந்தையின் மூச்சு மாறுவது அங்கிருந்தே அவனுக்குக் கேட்டது. வீறிடப்போகிறது என்று பத்தருக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்தது.

"மாமா!"

தன்னையறியாமல் ஒச்சப்பன் எழுந்துவிட்டான். அஸ்வத் எழுந்துவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கார்மேகம் தூணிலிருந்து இரண்டு எட்டு வைத்தான்.

"தாய் தொடக்கூடாது சார், மாமன் எழுந்து தரட்டும்" என்றாள் மெர்சி. வழக்கமும் அதுதான். அவன் துண்டில்லாத தோளைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"மாமா! மாமா!" என்று நிறைமதி அவனை நோக்கி இரண்டு கையையும் நீட்டிக் கதறினாள்.

அங்கயற்கண்ணி அவள் தலையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இந்தா இருக்கேன்டா தங்கம்" என்றாள். "மாமா இங்கதான் இருக்கேன்."

குழந்தை நம்பவில்லை. பத்தர் ஊசியைத் துடைத்துவிட்டு, இன்னொரு காது இருக்கிறது, திருப்பிப் பிடியுங்கள் என்றார்.